நான்காம் தடத்தில் ஒரு கை

ஜனவரி 4

என் அன்புள்ள வாத்துக்கு,

உன் மாமன் எழுதுவது. எனக்குக் கால்கள் இரண்டும் நலம், கண்கள் இரண்டும் நலம், மீசை மிக மிக நலம். உன் நலத்தைத் தலை முதல் கால் வரை விவரமாக எழுது. நீச்சல் முகாமில் உங்கள் கைப்பேசிகளையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பத்து நிமிடம் பேச மட்டும் விடுவார்கள் என்று அக்கா சொன்னாள். ஆக, இந்தப் பூமியில் மிச்சமிருக்கும் கடைசிக் கடிதப் போக்குவரத்து நம் இருவருடையதுதான். தபால்காரர்கள் கூடி நமக்குச் சிலை வைப்பார்கள்.

இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். இதை யாரும் நம்பப்போவதில்லை என்று இந்த வெள்ளைத் தாளின் மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். மாமா சொல்வதையெல்லாம் நூறால் வகுக்க வேண்டும் என்று ஏழு வயதில் நீ ஒரு சட்டம் போட்டாயே, இதை ஆயிரத்தால் வகுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

போன மாதம் உன் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தேன் அல்லவா. இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளை. காலரியில் நாற்பதாயிரம் பேர். நீ நான்காம் தடத்தில் போய்க்கொண்டிருக்கிறாய். நூறு மீட்டரில் நீ திரும்பும்போது, கைதட்டலாம் என்று நான் கையைத் தூக்கினேன். வலது கை தோள் உயரம் வரை வந்தது. அங்கேயே நின்றது. தொண்டையைச் செருமியது.

"ஐயா," என்றது. "முப்பது வருடமாக இந்த ஊர் சீலிங்குக்கெல்லாம் அண்ணாந்து பெயின்ட் அடித்தாயிற்று. பாக்கி இருப்பது நிலா ஒன்றுதான். இன்றோடு ராஜினாமா. இனி தோளுக்கு மேலே வரமாட்டேன்." சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டியது. தாளில் முத்திரை. முத்திரையில் சிங்கம். சிங்கம் கொட்டாவி விட்டது.

நான் கெஞ்சினேன், மிரட்டினேன், சம்பளத்தோடு விடுமுறை தருவதாகச் சொன்னேன். அது காதில் போட்டுக்கொள்ளாமல் குளத்தைப் பார்த்தது. "நான்காம் தடத்தில் ஒரு கை போகிறதே, அதுவும் சீக்கிரமே எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிடும்," என்றது. அதற்குள் நீ வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டாய். கூச்சலில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கை என்னோடு பயணியாக வருகிறது. பயணச்சீட்டுகூட எடுப்பதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மூன்று கண்டங்களில் புகழ்பெற்ற உன் மாமா


ஜனவரி 19

அன்பு மாமாவுக்கு,

வாத்து எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். நீங்களும் அத்தையும் நல்லா இருக்கீங்களா? உங்க மீசையையும் கேட்டதா சொல்லுங்க.

கதையை ரூம்ல சத்தமா படிச்சேன். என்கூட தங்கியிருக்கிற பொண்ணு கட்டில்ல இருந்து விழுந்து சிரிச்சா. ஆறடிக்கு ஒரு இன்ச் கம்மி, அதனால அவ பேரு ஒட்டகம். அப்புறம் நூறால வகுத்தோம். காலரியில நானூறு பேர், சரியா வருது. கையை வகுத்தா, மாமாவுக்கு லேசா கை வலி. தைலம் தேய்ங்க.

இங்க காலையில ரெண்டரை மணி நேரம், சாயந்திரம் ரெண்டரை மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர். சார் வாயில எப்பவும் விசில், அதனால அவரு பேரும் விசில்தான். ஜூன் பத்தாம் தேதி தேர்வுப் போட்டி. முதல் ரெண்டு பேர் அணிக்குள்ள. பட்டர்ஃபிளையில நான் இப்போ ரெண்டாவது, ஒட்டகம் மூணாவது. ரெண்டு பேருக்கும் நடுவுல அரை செகண்டுதான்.

ஒரு வேடிக்கை சொல்றேன். தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி சுவர்ல ஒரு பலகை இருக்கு. அதுல ஒட்டியிருக்கிற தாள்ல இன்னிக்கு உடம்புல எவ்வளவு வலின்னு சைபர்ல இருந்து பத்துக்குள்ள நாமளே எழுதணும். மூணு எழுதினா தடத்துல இருந்து எடுத்து ஓரத்துல காலை மட்டும் உதைக்க விட்டுடுவாங்க. சைபர்னு எழுதினா பொய்னு தெரிஞ்சிடும். அதனால எல்லாரும் ரெண்டு. ஒட்டகம் கால்விரல் உடைஞ்சப்பவும் ரெண்டு.

உங்க,
வாத்து


பிப்ரவரி 3

என் அன்புள்ள வாத்துக்கு,

இங்கே கால்களும் கண்களும் வழக்கம்போல நலம். மீசைக்கு உன் விசாரிப்பைத் தெரிவித்தேன், இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தது. உன் உடம்பு எப்படி? ரெண்டு என்று எழுதாதே, வார்த்தையில் எழுது.

என் தொழிலில் ஒரு புரட்சி நடந்துகொண்டிருக்கிறது. சீலிங் வேலைகளை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் இடுப்பு உயரத்துக்குக் கீழே மட்டும்தான் பெயின்ட் அடிப்பது. வாசல் கேட், ஜன்னல் கம்பியின் கீழ்ப்பாதி, மாடிப்படியின் ஓரம். உலகத்தின் மேல்பாதியை மற்ற பெயின்டர்களுக்குத் தானமாகக் கொடுத்தாயிற்று. அவர்கள் காலில் விழுந்து நன்றி சொன்னார்கள்.

வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. காலையில் உன் அத்தையே சட்டை மாட்டிவிடுகிறாள், அவளே தலை வாரிவிடுகிறாள். இன்னும் வெண்சாமரம் வீச ஆள் போடவில்லை, அவ்வளவுதான் குறை.

ஒரு சந்தேகம். அந்த ரப்பர் தொப்பியை இறுக்கமாக இழுத்துப் போட இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டுமே, உனக்கு அதை யார் போட்டுவிடுகிறார்கள்? சும்மாதான் கேட்டேன். பொது அறிவுக்காக.

உன் நலம் விரும்பும்,
கீழ்ப்பாதி உலகின் ஒரே பெயின்டர்


பிப்ரவரி 22

அன்பு மாமாவுக்கு,

நல்லா இருக்கேன். அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நினைக்கிறேன்.

தொப்பி ஒட்டகம் போட்டுவிடுறா. அவளுக்கு நான் நீச்சல் கண்ணாடி பட்டையைச் சரி பண்ணிக் கொடுக்கிறேன். இங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் செய்றதுதான். இதுல பொது அறிவு என்ன மாமா?

வார்த்தையில எழுதச் சொன்னீங்க. வலது தோள்ல முன்பக்கம் கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு. வலது பக்கமா படுக்க முடியல, இடது பக்கமா படுக்கிறேன். வியாழக்கிழமை பிசியோ மேடம் வருவாங்க. ஒரு கை ஒரு வாரத்துக்கு இருபதாயிரம் தடவை சுத்துதாம். எலும்புக்கு அடியில ஒரு நார் போகுதாம், கிணத்துக் கயிறு ஒரே இடத்துல உரசுற மாதிரி அது உரசுதாம். ஐஸ் வைச்சு, டேப் ஒட்டிவிட்டாங்க. சுத்தறதைக் குறைன்னாங்க. சார்கிட்ட சொல்லுங்கன்னேன். நீ சொல்லுன்னாங்க.

அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. பத்து நிமிஷத்தையும் அழுதே முடிச்சிடும்.

வாத்து


மார்ச் 6

என் அன்புள்ள வாத்துக்கு,

மாமன் நலம். அத்தை நலம். அம்மாவும் நலம் என்பதைப் போன வாரம் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பேப்பரில் வந்த உன் படத்தைக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாள். பால்காரர், மின்சாரக் கணக்கெடுப்பவர், விலாசம் தவறி வந்தவர், யாரும் அதற்குத் தலைவணங்காமல் உள்ளே நுழைய முடியாது. நானே மூன்று முறை வணங்கினேன். நீ சொன்னபடி அவளிடம் மூச்சு விடவில்லை.

உனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லித் தருகிறேன். ஒரே ஒரு நாள், பலகையில் நாலு என்று எழுதிப் பாரேன். சும்மா. உலகம் எத்தனை துண்டாக உடைகிறது என்று எண்ணி எனக்கு எழுது. நான் என் வாழ்நாளில் நாற்பது லட்சத்துக்குக் குறைந்து ஒரு எண்ணையும் சொன்னதில்லை. நீ இரண்டுக்கு மேல் ஒரு எண்ணையும் சொன்னதில்லை. ஒரே குடும்பத்தில் இப்படி இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

நலம்தானே?

நாலுன்னு எழுதினேன். சார் ஒண்ணும் திட்டல. பேனாவால என் பேரை அடிச்சு ஓரத்துத் தடத்துல எழுதினார். அங்க கிக்போர்டுங்கிற மிதவையைப் பிடிச்சுக்கிட்டு காலால உதைக்கிறது மட்டும்தான். கையை முன்னாடி நீட்டி போர்டு மேல உடம்பைச் சாய்க்கணும், அது நீந்தறதை விட அதிகமா வலிக்குது. பிசியோ மேடம் போர்டு வேண்டாம்னு எழுதியே கொடுத்தாங்க. அந்தத் தடத்துல போர்டு இல்லாம யாரும் இறங்கக் கூடாது, அது விதின்னு சார் சொல்லிட்டார்.

என் தடத்தை ஒட்டகத்துக்குக் கொடுத்தாங்க. ஒன்பதாவது நாள் ரெண்டுன்னு எழுதித் திரும்பி வந்தேன். அதுக்குள்ள அவ ரெண்டாவது, நான் மூணாவது. இப்பவும் அவதான் எனக்குத் தொப்பி மாட்டிவிடுறா. பேசிக்கிறதில்ல.

உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. ஒன்பது நாள் போச்சு. இனிமே எனக்கு யோசனை சொல்லாதீங்க. கதை வேணா எழுதுங்க.

வாத்து


ஏப்ரல் 17

என் அன்புள்ள வாத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். கோபம் உடம்புக்கு நல்லது, நுரையீரல் விரியும் என்று எங்கேயோ படித்தேன். அல்லது நானே எழுதினேன்.

நான் சொன்னது வெறும் விளையாட்டுத்தான். நீ போட்ட சட்டமே சரி. என் பேச்சை நூறால் வகுத்து, மிச்சத்தையும் தூர எறிந்துவிடு. சுவருக்குப் பெயின்ட் அடிப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? உன் சார் பெரியவர். பலகை பெரியது. நீ எழுதும் ரெண்டே போதும்.

கேட்டாயே என்று கதை: நேற்று ஒரு கேட்டுக்குக் கறுப்பு அடித்தேன். அவ்வளவு கறுப்பு. வீட்டுக்காரர் கேட் இருக்கும் இடம் தெரியாமல் சாயந்திரம் வரை தன் வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தார். உன் படத்தைக் காட்டிச் சமாதானம் செய்தேன். அவருக்கு உன்னைத் தெரிந்திருந்தது. கோபமெல்லாம் போய் எனக்கு நாற்காலி போட்டார்.

மாமா


மே 13

அன்பு மாமாவுக்கு,

நல்லா இருக்கேன். நிஜமாவே நல்லா இருக்கேன். அத்தை எப்படி இருக்காங்க?

போன மாசம் கோபமா எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. சார் என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். தோள்ல ஒரு ஊசி. அடுத்த நாள் வலி இருந்த இடமே தெரியல. தண்ணியில இறங்கின அன்னிக்குக் கையைத் தலைக்கு மேல தூக்கி நானே தொப்பி போட்டேன் மாமா. பலகையில சைபர்னு எழுதினேன். எனக்குத் தெரிஞ்சு அந்தப் பலகையில யாரோ உண்மையா எழுதின ஒரே எண் அதுதான். எல்லாரும் சிரிச்சாங்க, ஒருத்தரும் நம்பல.

வலி போனா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, மூணு வாரம் தண்ணியில இறங்காதேன்னு பிசியோ மேடம் சொன்னாங்க. அவ்வளவு நாள் எங்க இருக்கு? நாலாவது நாள் இறங்கிட்டேன். நேத்து நேரம் பார்த்தாங்க. ஒட்டகத்தை விட முன்னாடி.

ஜூன் 10 மறக்காதீங்க. நீங்க வரணும்.

வாத்து


மே 29

என் அன்புள்ள வாத்துக்கு,

கால்கள் நலம், கண்கள் நலம். மீசை உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்னும் கீழே இறங்கவில்லை.

ஜூன் 10 அன்று வர இயலாத நிலைமை. ஆயிரத்து இருநூறு கேட் உள்ள ஒரு மாளிகை வேலை வந்திருக்கிறது. அம்மா வருவாள். அவள் கத்துகிற கத்தலில் தண்ணீரே உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கரை சேர்த்துவிடும்.

இந்த இடத்தில் நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே, நன்றாக அடித்திருக்கிறேன். மை கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்.

நன்றாக நீந்து.

மாமா


ஜூலை 9

மாமாவுக்கு,

நலமறிய எழுதறேன். இடது கையால எழுதறதால கோணலா இருக்கும். கஷ்டப்பட்டுப் படிங்க.

அம்மா சொல்லியிருக்கும், ஆனா அம்மாவுக்கு நடந்தது முழுசாப் புரியல. நூத்தைம்பது மீட்டர் வரைக்கும் நான்தான் முதல்ல. கடைசித் திருப்பத்துல சுவரை உதைச்சு, முதல் தடவை கையை இழுத்தேன். உள்ள ஒண்ணு கிழிஞ்சுது. துணி கிழியற சத்தம், தண்ணிக்குள்ளயே கேட்டுச்சு. வலது கை மேல வரல. இடது கையால மட்டும் ஐம்பது மீட்டர் போனேன். எட்டாவதா வந்தேன். பட்டர்ஃபிளையில ரெண்டு கையும் சேர்ந்து வரணும், அதனால அந்த எட்டாவதையும் அடிச்சிட்டாங்க. ஒட்டகம் ரெண்டாவது. அவதான் என்னைத் தண்ணியில இருந்து இழுத்தா.

அடுத்த நாள் சார் ரூமுக்குக் கூப்பிட்டார். அம்மாவும் கூட வந்தது. டாக்டர் கொடுத்த ஸ்கேன் படத்தை அவர் முன்னாடி வைச்சு, ஏன் இப்படி ஆக விட்டீங்கன்னு கேட்டுச்சு. அவர் ஒரு கோப்பு எடுத்தார். பலகையில இருந்து கழட்டின தாள் எல்லாம் அதுல தேதி வாரியா இருந்துச்சு. என் பேருக்கு நேரா ரெண்டு, ரெண்டு, ரெண்டு, கடைசியில சைபர். பக்கம் பக்கமா திருப்பினார், நாலு எழுதின இடத்துல மட்டும் நிக்கல.

"இது யாரு கையெழுத்து?"ன்னு கேட்டார். "நீதானே எழுதின?"

நான்தான்னேன். அம்மா என்னையே பார்த்துச்சு. சார் முகத்துல கோபம்கூட இல்ல மாமா. கோப்பை மூடி வைச்சுட்டு அடுத்த பொண்ணைக் கூப்பிட்டார்.

வர்ற திங்கட்கிழமை ஆப்ரேஷன். நீங்க வருவீங்களா?

வாத்து


அக்டோபர் 5

மாமாவுக்கு,

மூணு மாசமா உங்ககிட்ட இருந்து ஒரு வரியும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வரல. வீட்டுக்கும் வரல. உடம்பு நல்லா இருக்கான்னு அம்மா கேட்கச் சொல்லுச்சு.

நான் வீட்லதான் இருக்கேன். ஆப்ரேஷன் பண்ணினாங்க. நார் நைஞ்சுபோன துணி மாதிரி இருந்துச்சாம், தைச்ச இடத்துல தையல் நிக்கலயாம். கை தோள் வரைக்கும் வருது. அதுக்கு மேல வராதுன்னு போன வாரம் டாக்டர் சொல்லிட்டார். இன்னொரு ஆப்ரேஷன் பண்ணலாமான்னு அம்மா கேட்டுச்சு. எதுக்குன்னு அவர் திருப்பிக் கேட்டார். கண்ணாடி போட்ட படத்தை அம்மா இன்னும் கழட்டல. நான் வாசல் பக்கம் போறதில்ல.

அத்தை மட்டும் வந்து நாலு நாள் இருந்துட்டுப் போனாங்க. முதல் நாள் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாங்க. சரியில்லாத கையை முதல்ல நுழைச்சு, முதுகுப் பக்கமா துணியைச் சுத்தி, அப்புறம் நல்ல கை. அம்மாவுக்கு மூணு மாசமா அது வரல, தினமும் நான் கத்துவேன். அத்தை ஒரு தடவைகூட யோசிக்கல. பேசிக்கிட்டே மாட்டினாங்க. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன்.

"உங்க மாமாவுக்கு ரெண்டு வருஷமா நான்தானே மாட்டிவிடறேன்,"னாங்க.

உங்க கடிதம் எல்லாத்தையும் எடுத்து மறுபடியும் படிச்சேன். இந்தத் தடவை வகுக்காம. முதல் கடிதத்துல எது நிஜம் மாமா?

உங்க மருமக


அக்டோபர் 21

அன்புள்ள மருமகளுக்கு,

கால்கள் நலம். இடது கை நலம். வலது கை நலமில்லை. தோள் வரை வரும். மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். முதல் டாக்டர் ஒரு வருடம் சீலிங் வேலை வேண்டாம் என்றார், நான் ஒரு வாரம் விட்டேன். இதில் எதையும் வகுக்காதே. உன் நலத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

ஆயிரத்து இருநூறு கேட் எதுவும் இல்லை. உன் தேர்வுப் போட்டி அன்று வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். மே மாதக் கடிதத்தில் அடித்த நான்கு வரியில், ஊசிக்குப் பிறகு எனக்கும் வலி போனது, ஆறாவது வாரம் கை போனது என்று எழுதியிருந்தேன். ஏப்ரலில் வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம், நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டு கையும் ஒன்றுபோல இருப்பதை அக்கா பார்த்துவிடுவாள் என்ற பயம்.

டிசம்பரில் உன் இறுதிப் போட்டிக்கு நான் சீக்கிரமே வந்து கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பெஞ்சில் தனியாக இருந்தாய். தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. முழங்கால் மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தலையை அதற்குள் நுழைத்தாய். உன் அத்தைக்குத் தெரிய வருவதற்கு முன்னால் நான் பனியனை அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வித்தை வேறு எதற்கும் தேவைப்படாது. பிறகு தண்ணீரில், நூறு மீட்டருக்கு மேல், உன் வலது முழங்கை தண்ணீரை உரசிக்கொண்டு வந்தது. சீலிங் அடிப்பவன் கடைசி மாதங்களில் பிரஷ்ஷை அப்படித்தான் தூக்குவான்.

அக்காவிடம் சொல்ல எழுந்தேன். அதற்குள் நீ சுவரைத் தொட்டுவிட்டாய். அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர் நீங்கள் யார் என்று கேட்டார். அந்தப் பெண்ணின் மாமா என்றேன். அவர் எழுந்து கை கொடுத்தார். முப்பது வருடமாக எல்லோரும் என்னைப் பெயின்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ஊருக்கு வந்த பிறகு கதையாக எழுதினேன். நீ நம்பமாட்டாய் என்று தெரிந்துதான் கதையாக எழுதினேன்.

கேட்டாயே, சொல்கிறேன். நாற்பதாயிரம் பேர் இல்லை. ராஜினாமாத் தாள் இல்லை, முத்திரை இல்லை, கொட்டாவி விட்ட சிங்கமும் இல்லை. கை எதுவும் பேசவில்லை. நான்காம் தடத்தில் போகிற கை சீக்கிரமே எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிடும் என்று ஒரு வரி வந்ததே, அந்தச் சின்ன வரி மட்டும் உண்மை. அதைச் சொன்னது நான். உட்கார்ந்த இடத்திலேயே, யாருக்கும் கேட்காதபடி சொன்னேன்.

மாமா